48 வயசு, 80 கிலோமீட்டர் தாண்டுனா கை மரத்துப்போகுது, முட்டி கத்துது. வயசா, வண்டியா?

கொப்பரைக்காரன் | ஜூலை 9, இரவு 9.42

வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிக்கறதோட சரி, எழுதுனதில்ல. ஊரு கொழிஞ்சாம்பாறை. ரேசன் கார்டுல கேரளா, வீட்டுல தமிழு, கடையில ரெண்டும். கொப்பரை யாவாரம். வயசு 48, எடை 81, உயரம் அஞ்சு ஆறு. சுகர் இல்ல, பிரசர் மட்டும் எங்கூரு மாதிரியே பார்டர்ல நிக்குது. டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தா குதிகால் புடிச்சுக்கிட்டு காலைல எந்திரிச்சு தரையில கால் வெக்க முடியல, அதனால சைக்கிள்னு முடிவு பண்ணி ஒரு ரோடு பைக் வாங்குனேன். கடையில 56 சைஸ் பிரேம்தான் இருந்துச்சு, உங்க உயரத்துக்கு கச்சிதமா இருக்குமுங்கன்னு தலையில கட்டிட்டாங்க, அப்ப எனக்கு ஒன்னும் தெரியாது.

ஞாயித்துக்கெழமையானா சித்தூர் வழியா பாலக்காடு, மலம்புழா டேம், திரும்பி வீடு. இல்லீன்னா நெம்மாரா போயி பொத்துண்டி டேம். மார்ச் மாசம் சுத்தி சுத்தி நூறு கிலோமீட்டர் ஒரே நாள்ல ஓட்டுனேன், பின்னாடி மட்டும் எரிஞ்சுச்சு, மத்தபடி ஜம்முன்னு இருந்தேன். இப்ப ஒரு மாசமா என்னமோ ஆயிருச்சுங்க. நாப்பது தாண்டுனா உக்கார முடியல. அறுபதுல கழுத்து. எம்பது தாண்டுனா ரெண்டு கையிலயும் சுண்டுவெரலும் மோதர வெரல்ல பாதியும் மரத்துப்போகுது, போன வாரம் மறுநாள் காலைல மூட்டை தெக்க சாக்கு ஊசி புடிக்க முடியாம கடைப்பையன் சிரிச்சான். வீட்டுக்கு வந்து மாடிப்படி எறங்கும்போது முட்டி முன்பக்கம் கத்துது.

டிசம்பர்ல கோயமுத்தூர்லேருந்து 200 கிலோமீட்டர் ப்ரெவே (பந்தயமில்ல, குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கற நெடுந்தூர ரைடு) ஒன்னு ஓட்டிப்போடணும்னு ஆசை. பதிமூன்ற மணி நேரம் டைம் இருக்குதாமா. வீட்டுல “அம்பது ஆகப்போகுது, பேரன் எடுக்கற வயசு, ஒழுங்கா வாக்கிங் போங்க”ங்கறாங்க. உண்மைய சொல்லுங்க, இது வயசுதானா, விட்டர்றதா?

நாலுவழிச்சாலை | ஜூலை 9, இரவு 10.05

ஆக்டிவா எடுத்துட்டு போங்க சார், எதுவும் வலிக்காது 😂

சாரல்_செங்கோட்டை | ஜூலை 10, காலை 5.20

அண்ணாச்சி, மேல உள்ளவன் சொல்லுதத விடுங்க. எனக்கு 52. செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு ஏறி தென்மலை, புனலூர் வரைக்கும் போயிட்டு வருவேன், திரும்பி வரும்போது அந்த பதிமூணு கண் பாலத்துப் பக்கம் ஏத்தத்துல உயிரு போவும் பாத்துக்கிடுங்க.

மொதல்ல ஒரு கேள்வி, சீட்டு மேல ஜெல் கவர் போட்ருக்கீயளா? போட்ருந்தா இப்பமே கழத்தி எறிங்க. மெத்து மெத்துன்னு இருந்தா சொகம்னு நெனைப்போம், இருவது கிலோமீட்டருக்கு சொகம்தான், அதுக்கு மேல அந்த ஜெல் ரெண்டு பக்கமும் பிதுங்கி நடுவுல இருக்க கூடாத எடத்த அமுக்கும். நம்ம ஒக்காருதது ரெண்டு எலும்பு மேல, சத மேல இல்ல. எலும்புக்கு கட்டியான எடம் வேணும். கட்டியான சீட்டு மொத ரெண்டு வாரம் வலிக்கும், பொறவு மறந்துரும்.

அடுத்தது, பேடட் ஷார்ட்ஸ் (அடியில மெத்தை வச்ச சைக்கிள் ட்ரவுசர்) போட்டா உள்ள ஜட்டி போடக் கூடாது. சிரிக்காதீய, நானே ஒரு வருஷம் போட்டுத்தான் ஓட்டுனேன். ஜட்டி தையல்தான் ஒரஞ்சி ஒரஞ்சி புண்ணாக்குது. யாரும் சொல்லித்தரல, கூச்சம்.

ஒத்தைக்கியர் | ஜூலை 10, காலை 8.11

எனக்கு 61 வயசு, வேலந்தாவளம். என்ற வண்டி 1984ல வாங்குன ஹெர்குலஸ். தோல் சீட்டு, அடியில ஸ்பிரிங்கு. எங்கப்பா சித்தூர் தாலூக்கா பூராவும் கேரியர்ல கள்ளு கேன் கட்டி ஓட்டுனவரு, ஒரு நாளைக்கு அறுவது கிலோமீட்டர் ஓட்டுவாரு, அவரு எந்த டயப்பரும் போட்டதில்ல, வேட்டி மடிச்சுக் கட்டுனா ஆச்சு. நீங்க எல்லாம் எட்டுகால் பூச்சியாட்டம் குனிஞ்சு படுத்துக்கிட்டு ஓட்டறீங்க, அப்பறம் கழுத்து வலிக்குது கை வலிக்குதுன்னா? நிமுந்து உக்காருங்க தம்பி. டீக்கடை வந்தா நில்லுங்க. யாரு தொரத்தறா?

கம்பம்_டீச்சர் | ஜூலை 10, மாலை 4.48

ஒத்தைக்கியர் ஐயா, உங்க அப்பா காலத்துல வலிச்சாலும் வெளிய சொல்லிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். எங்க தாத்தாவும் லோயர் கேம்ப்ல இருந்து குமுளிக்கு ஏலக்கா மூட்டைக்கு சைக்கிள் தள்ளிட்டுப் போனவருதான், கடைசி காலத்துல முட்டிக்கு எண்ணெய் போட்டுப் போட்டே படுத்துக் கிடந்தாரு.

கொப்பரை அண்ணே, சாரல் சொன்னது பாதிதான் சரி. கட்டியான சீட்டுன்னா மட்டும் போதாது, அகலம் உங்க எலும்புக்கு பொருந்தணும். நான் பண்ணினத சொல்றேன். ஒரு அட்டைப்பெட்டி, டிவி வந்த பெட்டி மாதிரி வரிவரியா இருக்குமே அந்த அட்டைய வெட்டி, மரப் படிக்கட்டுல போட்டு, மெல்லிசு துணி உடுத்திட்டு முட்டிய தூக்கி வச்சு நல்லா அமுங்கி ரெண்டு நிமிஷம் உக்காருங்க. எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு பள்ளம் விழுந்திருக்கும். நடுவுக்கு நடு ஸ்கேல் வச்சு அளங்க. அதோட ரெண்டு சென்டிமீட்டர் கூட்டினா ஏறக்குறைய சீட்டு அகலம், நிமிந்து ஓட்டறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. எனக்கு 130 மில்லிமீட்டர் வந்துச்சு, வண்டியோட வந்த சீட்டு அகலமே 135தான், ரெண்டு வருஷம் சதை மேல உக்காந்து ஓட்டிருக்கேன். பொம்பளைங்களுக்கு இடுப்பு எலும்பு பொதுவா அகலம், ஆனா கடையில மாட்டி விடறது ஆம்பளை சீட்டுதான்.

இன்னொண்ணு, எனக்கு 47. மாதவிடாய் நிக்கிற காலம். அந்த நேரத்துல தோல் மெலிஞ்சு காஞ்சு போகும், போன வருஷம் ஒண்ணும் பண்ணாத அதே சீட்டு இந்த வருஷம் புண்ணாக்குது. இத யாரும் எழுதுறதில்ல, அதான் நான் எழுதுறேன், படிக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கு. நடுவுல பள்ளம் விட்ட சீட்டு மாத்தினேன், டாக்டர்கிட்டயும் போனேன், சரியாச்சு. அதுக்காக சைக்கிள விடல.

பிசியோ_சித்தூர் | ஜூலை 10, இரவு 9.30

நான் பிசியோதெரபிஸ்ட், பாலக்காடு பக்கத்து சித்தூர். ஆந்திரா சித்தூர்ல இருந்து போன் பண்ணி அப்பாயின்மென்ட் கேக்கறவங்க இருக்காங்க, அதனால சொல்லிடறேன்.

கொப்பரை அண்ணா, நீங்க எழுதினதுல எனக்கு முக்கியம் அந்த சுண்டுவிரலும் மோதிர விரல் பாதியும். அது அல்நார்னு ஒரு நரம்பு. முழங்கையில இடிச்சா ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான் உள்ளங்கை அடிப்பக்கம் சுண்டுவிரல் ஓரமா ஒரு சின்ன வழியில போகுது. ஹேண்டில்பார்ல உடம்பு பாரத்த எறக்கி வச்சா அங்க நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மரத்தா அது வேற நரம்பு, வேற கதை. மறுநாளும் ஊசி புடிக்க முடியலன்னா நரம்பு நல்லாவே அடி வாங்கியிருக்கு, ரெண்டு வாரம் நீளமா ஓட்டாதீங்க. பிடியில பலம் குறைஞ்சாலோ, வெரலுக்கு நடுவுல சதை ஒட்டிப்போன மாதிரி தெரிஞ்சாலோ அப்பறம் இழைல எழுதிட்டு இருக்கக்கூடாது, நேரா டாக்டர்.

கை மேல பாரம் ஏன் வருதுன்னு பாருங்க. 56 சைஸ் உங்க உயரத்துக்கு பெருசு, எட்டி எட்டி புடிக்கறீங்க. சீட்டு மூக்க கீழ சாய்ச்சு வச்சிருக்கீங்களா? பின்னாடி வலிக்குதுன்னு நெறைய பேரு அப்படித்தான் சாய்ப்பாங்க, சாய்ச்சா உடம்பு முன்னாடி சறுக்கும், சறுக்காம இருக்க கையால தள்ளிக்கிட்டே இருப்பீங்க. பின்னாடி வலிய எடுத்து கையில வச்ச கதை.

முட்டி முன்பக்க வலிக்கு பெரும்பாலும் சீட்டு தாழ்வா இருக்கறது, இல்லன்னா கனமான கியர மெதுவா மிதிக்கறது. முட்டி பின்பக்கம் வலிச்சா சீட்டு ஒசரம். சீட்டு மேல உக்காந்து குதிகால பெடல் மேல வச்சு கீழ கொண்டு போங்க, இடுப்பு சாயாம கால் நேரா நீளணும். அப்பறம் பாதத்தோட முன்பக்கம் வச்சா முட்டி லேசா மடிஞ்சிருக்கும், 25லேருந்து 35 டிகிரி. மாத்தறது ஒரு தடவைக்கு மூணு, நாலு மில்லிமீட்டர், அதுக்கு மேல வேண்டாம்.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, உறுப்புல மரத்துப் போகுதுன்னா வெக்கப்பட்டு மூடி வெக்காதீங்க, சீட்ட மாத்துங்க. ஓட்டும்போது நெஞ்சுல அமுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினா அது சைக்கிள் வலி இல்ல, உடனே ஆஸ்பத்திரி.

கொப்பரைக்காரன் | ஜூலை 12, இரவு 10.15

எல்லாருக்கும் நன்றிங்க. ஜெல் கவர் இருந்துச்சு, கழட்டிட்டேன். ஜட்டி... சரி, அதும் கழட்டிட்டேன் 🙈. அட்டைல உக்காந்து பாத்தேன், என்ற பொண்ணு வந்து “அப்பா என்ன பண்றீங்க”ன்னு கேட்டுட்டு போட்டோ புடிச்சு குடும்ப குரூப்புல போட்டுட்டா. 118 வந்துச்சு. சீட்டு மூக்கு கீழதான் சாஞ்சிருந்துச்சு, பிசியோ அக்கா சொன்ன மாதிரியே, ஏப்ரல்ல நானே ஆலன் கீ வெச்சு சாச்சது. சீட்டு ஒசரமும் கொறச்சல், குதிகால் வெச்சுப் பாத்தா முட்டி நல்லாவே மடியுது, ஒன்ற சென்டிமீட்டராச்சும் ஏத்தணும்னு தோணுது.

ஆனா ஒரு விசயம் ஒதைக்குதுங்க. சீட்டு ஒசரம் வண்டி வாங்குனதுலேருந்து அதேதான். மார்ச்சுல அதே வண்டி, அதே சீட்டு, நூறு கிலோமீட்டர், முட்டியும் வலிக்கல கையும் மரக்கல. மூணு மாசத்துல வயசாயிருச்சா எனக்கு?

கேப்_காத்து | ஜூலை 13, காலை 4.55

நான் இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன். 57 வயசு, பொள்ளாச்சி. 200, 300, 400, 600 கிலோமீட்டர் ப்ரெவே நாலும் ஒரே வருசத்துல முடிச்சவன், இப்ப 200க்கு மேல போறதில்ல.

கொப்பரை, முட்டி வலி எந்தத் தேதியில ஆரம்பிச்சுது? ஜூன் மொத ரெண்டு வாரமா? உன்ற வண்டிய விட்டுட்டு மானத்தப் பாரு. நீ குடியிருக்கறது பாலக்காட்டுக் கணவாயி. வடக்க நீலகிரி, தெக்க ஆனமலை, நடுவுல முப்பது நாப்பது கிலோமீட்டர் ஓட்டை, மேகாத்து பூராவும் அந்த ஓட்டைக்குள்ளதான் பூந்து வருது. கஞ்சிக்கோட்டுல காத்தாடி நட்டு வெச்சிருக்கறது அழகுக்கா? மார்ச்சுல நீ ஓட்டுனது வெயில்ல, காத்து கம்மி. ஜூன்லேருந்து நீ காலைல கெளம்புனா நேரா மேக்க, சித்தூர்லேருந்து பாலக்காடு வரைக்கும் எதிர்காத்து.

கணக்குப் பாரு. நீ 20 வேகத்துல போற, எதிர்ல காத்து 20ன்னா உன்ற மேல அடிக்கறது 40. காத்தத் தள்ற பாரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால அதே 20 வேகத்துக்கு காத்துக்கு மட்டும் நாலு மடங்கு வேலை. நீ என்ன பண்ணுவ, நானும் பண்ணுனதுதான், வேகம் கொறையுதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு கனமான கியர்லயே நின்னு மிதிப்ப. நிமிசத்துக்கு எத்தன சுத்து மிதிக்கற? அம்பத்தஞ்சு இருந்தா முட்டி கேக்கத்தான் செய்யும். அதே பலத்த எம்பது சுத்துல மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் பாரம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கொறையும். காத்துக்குப் பயந்து தலையக் குனிவ, கழுத்த மட்டும் தூக்கி ரோட்டப் பாப்ப, கழுத்து போச்சு. காத்து வண்டிய ஆட்டுதுன்னு ஹேண்டில இறுக்கிப் புடிப்ப, கை போச்சு. வர்றப்ப காத்து தள்ளிட்டு வரும், எல்லா வலியும் போகும்போது வாங்குனதுதான், மரத்துப்போறது மட்டும் எம்பதுல தெரியுது.

சீட்டு தாழ்வா இருந்தது மார்ச்சுலயும் தப்புதான், ஆனா லேசா மிதிச்சதால முட்டி மன்னிச்சு விட்டுருச்சு.

ஒத்தைக்கியர் | ஜூலை 13, காலை 7.40

அதத்தான நானும் சொன்னேன், நிமுந்து உக்காரு, மெதுவா போன்னு. நான் ஒரு வரில சொன்னத பொள்ளாச்சிக்காரரு ஒரு பக்கம் எழுதியிருக்காரு.

கேப்_காத்து | ஜூலை 13, காலை 7.58

நிமுந்து உக்காந்தா காத்து நெஞ்சுல அடிக்குமுங்க ஐயா. மெதுவா போங்கறது மட்டும் ஏத்துக்கறேன்.

கொப்பரைக்காரன் | ஜூலை 13, இரவு 9.05

அண்ணா, கும்புடறேன். போன்ல பழைய ரைடு எல்லாம் எடுத்துப் பாத்தேன். மே கடைசி வரைக்கும் ஒன்னுமில்ல. ஜூன் எட்டாந்தேதிதான் மொத மொத “முட்டி லேசா”ன்னு குறிச்சு வெச்சிருக்கேன். அன்னிக்கு பாலக்காடு போறதுக்கு வழக்கத்த விட இருவத்தஞ்சு நிமிசம் அதிகம். வர்றப்ப எப்பவும் விட சீக்கிரம். நான் அத “இன்னிக்கு திரும்பும்போது நல்ல ஃபார்ம்”னு எழுதி வெச்சிருக்கேன், காத்து தள்ளுனது தெரியாம.

சாரல்_செங்கோட்டை | ஜூலை 14, காலை 6.02

எங்க பக்கமும் சாரல் சீசன்ல இதே காத்துதான், தென்காசி குண்டாறு பக்கமெல்லாம் ஆளத் தூக்கும். ஆனா அண்ணாச்சி, வலிக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன், ரைடுக்கு அரை மணி முன்னாடி ஒரு வலி மாத்திரை. நூத்தம்பது கிலோமீட்டர் ஒண்ணும் தெரியாது.

பிசியோ_சித்தூர் | ஜூலை 14, மதியம் 1.20

அண்ணாச்சி, தயவு செஞ்சு நிறுத்துங்க. புரூஃபன் மாதிரி மாத்திரைங்க கிட்னிக்குப் போற ரத்தத்த குறைக்கும். வெயில்ல வேர்த்து தண்ணி வத்தின உடம்புல அது ரெட்டை அடி. வயித்துப் புண் வேற. வலி சொல்லித்தான் முட்டி என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும், அத வாயக் கட்டிட்டு நூத்தம்பது ஓட்டினா மறுநாள் யாரு பதில் சொல்றது? பிரஷர் இருக்கற கொப்பரை அண்ணா இத முயற்சி கூட பண்ணக்கூடாது.

வந்து குளிச்சுட்டு முறிவெண்ணெயோ கொட்டஞ்சுக்காதியோ தேச்சுக்கோங்க, வேண்டாங்கல, எங்கம்மாவும் எனக்கு தேச்சு விடுவாங்க. சுகமா இருக்கும். ஆனா சீட்டு ஒசரத்த எண்ணெய் ஏத்தாது.

சாரல்_செங்கோட்டை | ஜூலை 14, மதியம் 2.45

சரிம்மா. எங்க வீட்டுலயும் இதத்தான் சொன்னாவ, நான்தான் கேக்கல.

கம்பம்_டீச்சர் | ஜூலை 15, இரவு 8.30

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. கெண்டைக்கால் புடிப்பு. நான் ரொம்ப நாளா உப்புக் குறைச்சல்னு மட்டும் நம்பிட்டு இருந்தேன், ஓஆர்எஸ் பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணில கலக்கிக் குடிச்சும் ஏத்தத்துல புடிக்கும். உப்பும் ஒரு காரணம்தான், ஆனா தசை பழக்கத்துக்கு மேல களைச்சாலும் புடிக்கும். வாரத்துல ஒரே நாள் எண்பது ஓட்டிட்டு ஆறு நாள் சும்மா இருந்தா புடிக்கத்தான் செய்யும். ஒரு வாய் ஊறுகா தண்ணி குடிச்சா சீக்கிரம் விட்டுருது, அது ரத்தத்துல கலக்கறதுக்குள்ளயே விடறதால தொண்டை நரம்பு வழியா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க. நான் மாங்கா ஊறுகா தண்ணிய பழைய இருமல் டானிக் பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போவேன், ஒரு தடவை செக்போஸ்ட்ல மோந்து பாத்துட்டு விட்டாங்க.

இன்னொண்ணு, நம்ம வயசுல சைக்கிள் மட்டும் ஓட்டினா பத்தாது. முப்பதுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லேருந்து 8 சதவீதம் தசை கரையும்ங்கறாங்க. சைக்கிள்ல உடம்பு பாரத்த வண்டி சுமக்குது, அதனால எலும்புக்கும் பெருசா வேலை இல்ல. வாரம் ரெண்டு நாள் நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, படி ஏறி எறங்கறது, தரையில குப்புறப் படுத்து முழங்கையில உடம்பத் தாங்கி நிக்கிறது, இவ்வளவுதான் நான் பண்றேன். வயித்துலயும் முதுகுலயும் பலம் வந்தா கை மேல சாய மாட்டோம், கை மரத்துப் போறதுக்கு பாதி மருந்து அதுலயே இருக்கு.

கொப்பரைக்காரன் | ஆகஸ்ட் 18, இரவு 9.50

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கோணும். ரெண்டு வாரம் வண்டியத் தொடல, பிசியோ அக்கா பேச்சக் கேட்டு. அந்த ரெண்டு வாரம் நாற்காலில உக்காந்து எந்திரிச்சுட்டு இருந்தேன், கடைப்பையன் மறுபடி சிரிச்சான். கொப்பரை மூட்டை தூக்கறவன் எதுக்குங்க நாற்காலில எந்திரிக்கறீங்கங்கறான். நான் மூட்டை தூக்கி எத்தன வருசம் ஆச்சுன்னு அவனுக்குத் தெரியாது.

சீட்டு மூக்க மட்டமாக்குனேன். ஒசரத்த வாரத்துக்கு நாலு நாலு மில்லியா ஏத்துனேன், மூணு வாரத்துல பன்னெண்டு. எல்லாத்தயும் ஒரே நாள்ல மாத்தோணும்னு கை அரிச்சுது, அப்பறம் எது சரியாச்சுன்னு தெரியாதுன்னு அடக்கிக்கிட்டேன். பின்னாடி பல்சக்கரம் 11-28 பல்லு இருந்தத 11-34 மாத்துனேன் (பெரிய சக்கரத்துல பல்லு கூடுனா மிதிக்க லேசு), செயினும் கியர் மாத்தற டெரெய்லரும் தாங்குமான்னு மெக்கானிக் பாத்துட்டுத்தான் போட்டாரு. இப்ப எதிர்காத்துல வேகம் 14க்கு எறங்குனாலும் கவலப்படாம சுத்திக்கிட்டு இருக்கேன், சித்தூர் தாண்டி ஒரு பால்காரரு டிவிஎஸ் எக்செல்ல என்னயத் தாண்டிப் போயி திரும்பி ஒரு பார்வ பாத்தாரு.

முட்டி வலி போச்சுங்க. சுத்தமா. நேத்து எழுவத்தஞ்சு ஓட்டிட்டு மாடி ஏறி எறங்குனேன், சத்தமே இல்ல. பின்னாடி எரிச்சல் பாதியாச்சு. கழுத்து இருக்குது. வெரல் இன்னும் மரக்குது, அதும் இப்ப அறுவதுலயே, ஆனா மறுநாள் இல்ல, வண்டிய விட்டு எறங்குனா பத்து நிமிசத்துல போயிருது.

கேப்_காத்து | ஆகஸ்ட் 19, காலை 5.10

முட்டி போனது சந்தோசம். கைக்கும் கழுத்துக்கும் ஒரே காரணம், எட்டிப் புடிக்கறது. 56 பிரேம மாத்த முடியாது, ஆனா ஸ்டெம்ம (ஹேண்டில வண்டியோட புடிச்சு வெக்கற குட்டைக் கம்பி) மாத்தலாம். என்ன நீளம் போட்டிருக்கு, 110 இருக்குமா? 80 வாங்கி, தூக்கலா இருக்கற மாதிரி திருப்பிப் போடு. பெரிய பிரேமுக்கு சின்ன ஸ்டெம் போட்டா ஹேண்டில் கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கும், ரெண்டு நாள்ல பழகிரும். டயர் 25 மில்லி அகலம்தான, அதுல எவ்வளவு காத்து அடிக்கற? 110 பி.எஸ்.ஐ. அடிச்சு கல்லு மாதிரி வெச்சிருப்ப. வண்டி எடம் குடுத்தா 32 போடு, 65 போதும். மீனாட்சிபுரம் ரோட்டுல இருக்கற ஒவ்வொரு ஜல்லியும் இப்ப உன்ற உள்ளங்கைக்குத்தான் வருது, அப்பறம் டயருக்குப் போகும்.

கைய ஒரே எடத்துல அஞ்சு நிமிசத்துக்கு மேல வெக்காத. மேல, பக்கவாட்டு, கீழ, மாத்திக்கிட்டே இரு. முழங்கைய விறைப்பா நீட்டாத. கழுத்த ரொம்ப அசால்ட்டா விடாத, அமெரிக்காவ ஒரு கடல்லேருந்து மறு கடல் வரைக்கும் குறுக்க ஓட்டற பந்தயம் ஒன்னு இருக்குது, 1983ல அதுல ஓட்டுன மைக்கேல் ஷெர்மர்ங்கறவருக்கு தலையத் தூக்கற சதையே வேலநிறுத்தம் பண்ணிருச்சு, தலை தொங்கிப்போச்சு, அந்த நோவுக்கு அவரு பேரையே வெச்சுட்டாங்க. உனக்கு அது வராது, அது நாள் கணக்குல ஓட்டறவங்களுக்கு. ஆனா நிக்கறப்ப எல்லாம் தாடைய உள்ள இழுத்து, தோள மேல தூக்கி எறக்கு.

வயசான்னு கேட்டியே, அதுக்கும் சொல்லிடறேன். வண்டியச் சரி பண்ணுனா வலியில முக்கால்வாசி போகும். மிச்சம் கால்வாசி வயசுதான், அது சீட்டுல இல்ல, மறுநாள்ல இருக்கு. முப்பத்தஞ்சுல நான் ஞாயிறு நூத்தம்பது ஓட்டிட்டு செவ்வாக்கெழம மறுபடி ஏறுவேன். இப்ப வியாழன் வரைக்கும் காலு என்னுதில்ல.

ஒத்தைக்கியர் | ஆகஸ்ட் 19, காலை 8.30

வியாழன் வரைக்கும்னா அப்பறம் எதுக்கு அவ்வளவு தூரம் ஓட்டறீங்க?

கேப்_காத்து | ஆகஸ்ட் 19, காலை 8.41

நீங்க எதுக்குங்க 1984 வண்டிய இன்னும் ஓட்டறீங்க?

கொப்பரைக்காரன் | செப்டம்பர் 28, இரவு 8.55

இன்னிக்கு 142. கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு, ஆலத்தூர் பக்கம் போயி, நெம்மாரா, கொல்லங்கோடு, கோவிந்தாபுரம், அங்கயும் இங்கயும் சுத்தி வீடு. காலைல அஞ்சுக்கு கெளம்பி மதியம் ரெண்டரைக்கு வந்தேன், நின்ன நேரமெல்லாம் சேத்து. ஸ்டெம் 80 போட்டாச்சு. டயர் 32 போகல, 28தான் போச்சு, 80 அடிச்சிருக்கேன். 145 அகலத்துல நடுவுல பள்ளம் விட்ட சீட்டு.

கொல்லங்கோடு வரைக்கும் ஒன்னுமே தெரியலீங்க, எங்க பக்கத்துத் தென்மலை (செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன தென்மலை இல்ல) பக்கம் மழைமேகம் தொங்கிட்டு இருந்துச்சு, ஒரு தட்டுக்கடைல சம்பாரம் (மசாலா மோரு) குடிச்சுட்டு ஒக்காந்துட்டேன், ஒக்காந்தேன்னா சொகமா ஒக்காந்தேன், பின்பக்கம் வலிக்காம ஒரு பெஞ்சுல ஒக்காந்து எத்தன நாளாச்சு. வெரலு 110க்கு மேலதான் லேசா சுருக்குன்னுச்சு, கைய மாத்துனேன், போயிருச்சு. கழுத்து கடைசி இருவதுல வலிச்சுது, அது வலிச்சுட்டுப் போகட்டும்.

டிசம்பருக்கு பேரு குடுத்துட்டேன். வீட்டுல இன்னும் சொல்லல.

கேப்_காத்து | செப்டம்பர் 28, இரவு 9.20

சபாசு. ஒன்னே ஒன்னு ஞாபகம் வெச்சுக்க, டிசம்பர்ல காத்து திரும்பிரும். கெழக்கேருந்து வரும். கோயமுத்தூர்லேருந்து பாலக்காட்டுப் பக்கம் போகும்போது முதுகுல கை வெச்சுத் தள்ளும், ஆகா நமக்கு இவ்வளவு வேகமான்னு தோணும், நம்பிராத. திரும்பும்போது வாளையார் தாண்டி, உடம்புல ஒன்னும் மிச்சமில்லாத நேரத்துல, அதே காத்து மொகத்துல வரும். ஜூன்ல நீ காலைல வாங்குன அடிய அங்க சாயங்காலம் வாங்கோணும். போகும்போதே கைய லேசா வெச்சு, கியர லேசா வெச்சு, மிச்சம் புடிச்சுட்டு வா.

பிசியோ_சித்தூர் | செப்டம்பர் 28, இரவு 9.34

சூப்பர் அண்ணா. பேரு குடுத்தத மொதல்ல வீட்டுல சொல்லுங்க, பிரஷர் ஒரு தடவ பாத்துட்டு டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

கொப்பரைக்காரன் | செப்டம்பர் 29, காலை 6.15

சொல்லிட்டேன். “அட்டையில ஒக்காந்தப்பவே தெரியும்”னுட்டாங்க.

இன்னிக்கு எந்திரிச்சா புதுசா ஒன்னு, வலது கால்ல நடு மூணு வெரலுக்கு அடியில உள்ளங்கால் எரியுது. நேத்து கடைசி முப்பது கிலோமீட்டர் சூடா ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு, வெயிலுன்னு நெனச்சேன். இதுக்கு எந்தக் காத்துங்ணா?

கேப்_காத்து | செப்டம்பர் 29, காலை 6.22

இது காத்து இல்ல, ஷூ. நூறு கிலோமீட்டருக்கு மேல பாதம் வீங்கும், முன்பக்கம் நரம்பு நசுங்குது. அரை சைஸ் பெருசு பாரு. அதுவரைக்கும் முன்பக்க பட்டைய ஒரு துவாரம் தளத்தி விடு.

ஒத்தைக்கியர் | செப்டம்பர் 29, காலை 7.05

செருப்புப் போட்டு ஓட்டு கண்ணு.